கிலோவுக்கு எத்தனை கிலோவாட்?

2020 ஜூன் 10 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகமை ஒரு சின்னஞ்சிறு விமானத்துக்கு வகைச் சான்றிதழ் வழங்கியது. ஸ்லோவேனியா நாட்டின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் செய்த வெலிஸ் எலெக்ட்ரோ அது. இருவர் மட்டும் உட்காரலாம். எரிபொருள் தொட்டியே கிடையாது. முழுக்க மின்சாரத்தில் பறக்கும் விமானம் ஒன்று முறைப்படி வகைச் சான்று பெற்றது உலகில் அதுவே முதல் முறை. அதற்கு மூன்று வாரம் முன்பு, மே 18 அன்று, அதன் மோட்டாருக்குத் தனிச் சான்றிதழ் கிடைத்திருந்தது. ஈ-811 என்ற அந்த மோட்டாரின் எடை 23 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. புறப்படும்போது சிறிது நேரத்துக்கு 57.6 கிலோவாட் தரும். விடாமல் ஓடும்போது 49.2 கிலோவாட்.

மின் விமானம் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: மோட்டார் எப்போதோ தயார், பேட்டரி மட்டும்தான் பாக்கி. பேட்டரி பாக்கி என்பது உண்மை. மோட்டார் தயார் என்பது பாதி உண்மைதான். நூறு வருடத்துக்கு மேலாக நமக்குப் பழகிய பொருள், சுருளும் காந்தமும் அச்சும், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. அந்த எண்ணத்தோடு பார்ப்பவர்கள் புதிய மோட்டார் அறிவிப்புகளில் ஒரே ஓர் எண்ணைத் தேடுகிறார்கள்: ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோவாட். நிறுவனங்களும் அந்த எண்ணைத்தான் முன்னால் வைக்கின்றன. எண் பொய்யில்லை. ஆனால் எந்தச் சுழல் வேகத்தில், எவ்வளவு நேரத்துக்கு, எதையெல்லாம் சேர்த்து எடைபோட்டு என்று தெரியாதவரை அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்கிறது.

நம் ஊர்க் கிணற்று மேட்டில் இருக்கும் 5 எச்.பி. மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் திறன் 3.7 கிலோவாட். வார்ப்பிரும்பு உடம்போடு சுமார் 40 கிலோ இருக்கும். கிலோவுக்கு 0.1 கிலோவாட்கூட இல்லை. ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 2015இல் அறிமுகப்படுத்திய எஸ்பி260டி என்ற விமான மோட்டாரோ 50 கிலோ எடையில் 260 கிலோவாட் தந்தது. கிலோவுக்கு 5க்கு மேல். ஐம்பது மடங்குக்கும் அதிகமான வித்தியாசம். கிணற்று மோட்டாரைச் செய்தவருக்கு வேலை தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. அவரிடம் கேட்கப்பட்டவை வேறு. விலை கட்டுப்படியாக வேண்டும், மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் தாங்க வேண்டும், காயில் கருகிப்போனால் பக்கத்து டவுன் கடையில் திரும்பக் கட்டிக்கொள்ள முடிய வேண்டும். தரையில் போல்ட் போட்டு இறுக்கப்படும் பொருளுக்கு எடை கூடினால் யாருக்கும் நட்டமில்லை. விமானத்திலோ ஒவ்வொரு கிலோவையும் சிறகு தூக்கியாக வேண்டும்.

அந்த ஐம்பது மடங்கு எங்கிருந்து வந்தது? சீமென்ஸ் பொறியாளர்கள் ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிடவில்லை. மோட்டாரின் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, இது எதற்கு என்று கேட்டார்கள். அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரில் சாதாரண எஃகுத் தகட்டுக்குப் பதிலாகக் கோபால்ட் கலந்த இரும்பு. அது அதிகக் காந்தப்புலத்தைத் தாங்கும். சுழலும் ரோட்டாரில் நிரந்தரக் காந்தங்கள். அவற்றை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் திசை திரும்பியிருக்கும்படி அடுக்கினால் காந்தப்புலம் தேவையான பக்கத்தில் மட்டும் குவியும், மறுபக்கத்தில் இரும்பு முதுகு வேண்டியதில்லை. செம்புக் கம்பிகளை மின்சாரம் கடத்தாத திரவம் நேரடியாகத் தொட்டுக் குளிர்விக்கும். அலுமினிய முன் மூடியைக் கணினியில் போட்டு, எங்கெங்கே விசை பாயவில்லையோ அங்கெல்லாம் உலோகத்தைச் செதுக்கி எடுத்தார்கள், 10.5 கிலோவாக இருந்த மூடி 4.9 கிலோவாகக் குறைந்தது. இந்த மோட்டாரைப் பொருத்திய எக்ஸ்ட்ரா 330எல்இ விமானம் 2017 மார்ச்சில் மணிக்கு 337.5 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து சாதனை படைத்தது.

இனி அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் முதல் விஷயம், சுழல் வேகம். மோட்டாரின் திறன் என்பது இரண்டின் பெருக்கல்: அச்சை எவ்வளவு வலுவாக முறுக்குகிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது. எடையைத் தீர்மானிப்பது முதலாவது. முறுக்குவிசையைத் தருவது காந்தமும் செம்பும் இரும்பும். அவைதாம் கனமான பொருள்கள். வேகத்துக்கு அந்த அளவுக்கு எடை செலவாவதில்லை. ஆகவே கிலோவுக்குக் கிலோவாட் எண்ணை உயர்த்திக் காட்ட எளிதான வழி, மோட்டாரைச் சிறிதாக்கி வேகமாகச் சுற்றவிடுவது. 260 கிலோவாட்டை நிமிடத்துக்கு 2500 சுற்றில் தரவேண்டுமானால் ஏறத்தாழ 1000 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். அதே 260 கிலோவாட்டை 20,000 சுற்றில் தர 124 நியூட்டன் மீட்டர் போதும், எட்டில் ஒரு பங்கு. இரண்டாவது மோட்டார் காகிதத்தில் அற்புதமாகத் தெரியும்.

ஆனால் விமானத்துக்கு வேண்டியது சுற்றும் அச்சு இல்லை, காற்றைப் பின்னால் தள்ளும் புரொப்பெல்லர். அது வேகமாகச் சுற்ற மறுக்கிறது. 1.8 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2500 முறை சுற்றினால் அதன் அலகு நுனி நொடிக்கு 235 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கும். 5000 சுற்றானால் 470 மீட்டர். தரைமட்டத்தில் ஒலியின் வேகமே 340 மீட்டர்தான். நுனி ஒலியின் வேகத்தை நெருங்கும்போதே அதிர்வலைகள் எழுந்து, இழுவை கூடி, இரைச்சல் தாங்க முடியாமல் போகும். இதனால்தான் நூறாண்டுகளாகச் சிறிய விமானங்களின் புரொப்பெல்லர்கள் 2500 சுற்றைச் சுற்றியே நின்றுவிட்டன. வேக மோட்டாரைப் போட்டால் இடையில் கியர்பாக்ஸ் வேண்டும். கியர்பாக்ஸுக்கு எடை உண்டு, எண்ணெய் உண்டு, தேய்மானம் உண்டு. மோட்டாரின் எடையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடலாம். நேரடியாக இணைத்திருந்தால் இல்லாமலே போயிருக்கக்கூடிய ஒரு பழுதும் கூடவே சேரும். கியர் வைத்தவர்கள் எல்லாரும் தவறிழைத்தார்கள் என்று சொல்லவில்லை. சில வடிவமைப்புகளில் அது சரியான முடிவு. ஆனால் கியரில்லாத மோட்டாரின் எண்ணையும் கியர் தேவைப்படும் மோட்டாரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது முறையில்லை. எஸ்பி260டி நேரடியாகப் புரொப்பெல்லரைச் சுற்றியது. அதன் உண்மையான பெருமை கிலோவுக்கு 5 கிலோவாட் என்பதைவிட, கிலோவுக்கு 20 நியூட்டன் மீட்டர் என்பதில் இருக்கிறது.

மெதுவாகச் சுற்றியும் எடை குறைவாக இருக்க இன்னொரு வழி, ஆரத்தைக் கூட்டுவது. காந்தமும் சுருளும் ஒன்றையொன்று தள்ளும் இடம் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு முறுக்கு கிடைக்கும். நீளமான உருளைபோல் இருந்த மோட்டார் இப்படித்தான் தட்டையான வட்டாக மாறியது. ஈ-811 இந்த வகை. அதில் காந்தப்புலம் அச்சுக்கு இணையாகப் பாய்கிறது. இங்கிலாந்தின் யாசா நிறுவனத்தின் மோட்டார்களும் இப்படித்தான். அவற்றில் மூன்றை ஒரே அச்சில் அடுக்கித்தான் ரோல்ஸ்-ராய்ஸின் ஸ்பிரிட் ஆஃப் இன்னொவேஷன் விமானம் 2021 நவம்பர் 16 அன்று மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு மணிக்கு 555.9 கிலோமீட்டர் என்ற சாதனையைச் செய்தது. வட்டு வடிவத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. சுழலும் வட்டுக்கும் நிற்கும் வட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். புரொப்பெல்லர் மோட்டாரை முன்னால் இழுக்கிறது. விமானம் திடீரென்று மூக்கைத் தூக்கினால் சுழலும் புரொப்பெல்லர் அச்சைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கிறது. கார் மோட்டாருக்கு இந்த இரண்டு விசையும் தெரியாது. ஆகவே நல்ல கார் மோட்டாரைக் கழற்றி விமானத்தில் மாட்டிவிடலாம் என்பவர்கள் முதலில் அதன் பேரிங்குகளைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் நேரம். என் கணிப்பில் இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். மின் மோட்டாருக்குக் கெட்டியான உச்சவரம்பு கிடையாது. மின்னோட்டத்தைக் கூட்டினால் முறுக்குவிசையும் கூடிக்கொண்டே போகும், ஓர் எல்லை வரை. அதற்குரிய விலை வெப்பம். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் செம்பில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். அந்த வெப்பம் உடனே மோட்டாரைக் கெடுத்துவிடாது. செம்பும் இரும்பும் அதைச் சிறிது நேரம் உள்வாங்கிக்கொள்ளும். ஆகவே முப்பது விநாடிக்கு ஒரு மோட்டார் தரும் திறனும் ஒரு மணி நேரம் தரும் திறனும் ஒன்றில்லை. ஒன்று மற்றதைப்போல் இரு மடங்காகக்கூட இருக்கலாம். இரண்டுமே அந்த மோட்டாரின் திறன்தான். ஓர் அறிவிப்பில் நேரம் சொல்லாமல் ஒரே எண் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் முப்பது விநாடிக்குரியது என்று எடுத்துக்கொள்வது நல்லது.

95 சதவீதத் திறமையுள்ள 260 கிலோவாட் மோட்டார் ஏறத்தாழ 14 கிலோவாட்டை வெப்பமாகக் கொட்டுகிறது. பெட்ரோல் எஞ்சினோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. எஞ்சின் தனக்குக் கொடுத்த ஆற்றலில் முக்கால் பங்கை வெப்பமாக்கி வீணாக்குகிறது. ஆனால் எஞ்சினின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு தானே வெளியேறிவிடும். மோட்டாருக்குப் புகைக்குழாய் இல்லை. அதன் வெப்பம் முழுவதும் 50 கிலோ உலோகத்துக்குள், இறுக்கமாகச் சுற்றிய கம்பிகளுக்கு நடுவே பிறக்கிறது. அங்கிருந்து அதை நாம்தான் கைபிடித்து வெளியே கொண்டுவர வேண்டும். கம்பியின் மேலுள்ள மின்காப்புப் பூச்சு சாதாரணமாக 180 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழங்கணக்கு. காந்தங்களின் நிலைமை இன்னும் கடினம். நியோடிமியம் காந்தம் அளவுக்கு மீறிச் சூடானால் காந்தத்தன்மையை இழக்கும். ஆறிய பிறகும் அது திரும்ப வராது. மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டியும் பேட்டரியும் இதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே திணறும். குளிர்விக்கும் திரவம் 60, 70 டிகிரியில் திரும்பி வர, வெளிக்காற்று கோடையில் 40 டிகிரி இருந்தால், வெப்பம் வெளியேறக் கிடைப்பது இருபது முப்பது டிகிரி வித்தியாசம்தான்.

இதில் மிக மோசமான நேரம், விமானம் மெதுவாகப் போய்க்கொண்டு முழுத் திறனையும் கேட்கும் நேரம். வெயிலில் நின்ற விமானம் ஓடுபாதையில் கிளம்பி மேலேறும் முதல் சில நிமிடங்களில் வெப்பம் உச்சத்தில் இருக்கும், ரேடியேட்டருக்குள் புகும் காற்றோ குறைவாக இருக்கும். செங்குத்தாக எழும்பும் விமானங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. எழும்பவும் அந்தரத்தில் நிற்கவும்தான் அவற்றுக்கு அதிக முறுக்குவிசை வேண்டும். அந்த நேரத்தில் முன்னோக்கிய காற்றே கிடையாது. சென்னை ஐஐடியில் பிறந்த ஈ-பிளேன் நிறுவனம் உருவாக்கிவரும் விமானமும் இந்த வகையைச் சேர்ந்தது. நம் ஊர் மே மாத மதியத்தில் அந்தரத்தில் நிற்க வேண்டிய மோட்டாருக்கு, ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் இருபது டிகிரியில் எடுத்த எண் போதாது.

மேலே போனால் வேறு கணக்கு. காற்று மெலிந்தால் பெட்ரோல் எஞ்சின் மூச்சு வாங்கும். மின் மோட்டாருக்கு எரிக்கக் காற்று வேண்டாம், ஆகவே அது உயரத்திலும் அதே திறனைத் தரும். இது உண்மையான நன்மை. ஆனால் மெலிந்த காற்று குளிர்விப்பதும் குறைவு. அதோடு மின்காப்பும் பலவீனமாகும். கம்பிகளில் மின்னோட்டத்தைக் குறைத்து எடையை மிச்சப்படுத்த வேண்டுமானால் மின்னழுத்தத்தை உயர்த்தியாக வேண்டும். 800 வோல்ட்டும் அதற்கு மேலும் பேசுகிறார்கள். தரையில் அந்த அழுத்தத்தைப் பிரச்சினையில்லாமல் தாங்கும் கம்பிப்பூச்சின் நுண்ணிய காற்றுக் குமிழிகளில், உயரத்தில் சிறு மின்பொறிகள் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொறிகள் பூச்சை நாள்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். அழுத்தம் 330 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் காற்றில் இந்தப் பொறி பிறக்காது. அதைத் தாண்டும் ஒவ்வொரு வடிவமைப்பும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். மோட்டார் கெட்டால் என்ன ஆகும்? மின் மோட்டாரில் அசையும் பாகம் ஒன்றே ஒன்று, ஆகவே அது கெடாது என்பது பரவலான நம்பிக்கை. பிஸ்டன் எஞ்சினோடு ஒப்பிட்டால் தேய்மானம் குறைவு என்பது சரி. ஆனால் கெடும்போது அது தனக்கே உரிய விதத்தில் கெடும். நிரந்தரக் காந்தத்தை அணைக்க முடியாது என்பதுதான் காரணம். சுருளில் இரண்டு சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டது என்று வைத்துக்கொள்வோம். விமானி மின்சாரத்தைத் துண்டிக்கிறார். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளை நிறுத்தினால் கதை முடிந்தது. இங்கே முடியாது. விமானம் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. எதிர்க்காற்று புரொப்பெல்லரைச் சுற்றுகிறது. புரொப்பெல்லர் ரோட்டாரைச் சுற்றுகிறது. காந்தங்கள் சுருளைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கின்றன. மோட்டார் இப்போது ஜெனரேட்டர். ஒட்டிப்போன அந்தச் சில சுற்றுகளுக்குள் பெரும் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும். அங்கே சூடு ஏறிக்கொண்டே போகும். அது தீயாகவும் மாறலாம்.

இதற்கு மாற்று வழிகள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் எடையைக் கேட்கிறது. சுருள்களை ஒன்றையொன்று தொடாமல் தனித்தனிப் பற்களில் கட்டலாம். காந்த ரீதியிலும் அவை ஒன்றையொன்று பாதிக்காதபடி அமைக்கலாம். பழுது ஏற்பட்டால் எல்லா முனைகளையும் வேண்டுமென்றே இணைத்து மின்னோட்டத்தைப் பரவலாக்கும்படி வடிவமைக்கலாம். ஆனால் அப்போது மோட்டாரின் உச்சத் திறன் குறைந்துபோகும். புரொப்பெல்லர் அலகுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்பிச் சுழற்சியையே நிறுத்தலாம். அதற்குத் தனி இயந்திர ஏற்பாடு வேண்டும். பலர் இன்று தேர்ந்தெடுக்கும் வழி, ஒரே மோட்டாருக்குள் இரண்டு முழுமையான சுருள் தொகுதிகள், இரண்டுக்கும் தனித்தனி இன்வெர்ட்டர். ஒன்று போனாலும் மற்றது பாதித் திறனைத் தந்து விமானத்தைத் தரையிறக்கும். இப்படிச் செய்த மோட்டாரின் கிலோவுக்குக் கிலோவாட் எண், ஒற்றைச் சுருள் மோட்டாரைவிடக் குறைவாகவே இருக்கும். அதில் ஏறிப் பறப்பவருக்கு எது நல்லது என்று கேட்க வேண்டியதில்லை.

இன்வெர்ட்டர் என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். பேட்டரி தருவது நேர்மின்சாரம். மோட்டாருக்கு வேண்டியது, ரோட்டாரின் இருப்பிடத்துக்கு ஏற்ப நொடிக்கு நொடி மாறும் மூன்று கட்ட மின்சாரம். அதைச் செய்வது இந்தப் பெட்டி. ஈ-811க்கு இது தனியாக 8 கிலோ. மோட்டாரின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இதைச் சேர்க்காமல் போட்ட கணக்கு கணக்கே இல்லை. ரேடியேட்டரையும் பம்பையும் திரவத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். பழுதுகளும் இங்கே நிறைய. அதிவேகமாகத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்சுகள் அனுப்பும் கூரிய மின்துடிப்புகள் கம்பிப்பூச்சைத் தாக்குகின்றன. பேரிங் குண்டுகளின் வழியே கசிந்து அவற்றைப் பொத்தலாக்குகின்றன.

அமெரிக்காவின் நாசா இதை அனுபவத்தில் கண்டது. டெக்னாம் பி2006டி என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை எக்ஸ்-57 மேக்ஸ்வெல் என்ற மின் விமானமாக மாற்றும் திட்டம் அது. தலா 60 கிலோவாட் மோட்டார் இரண்டும், சிறகின் முன்விளிம்பில் சிறு மோட்டார்கள் பன்னிரண்டும் வைப்பது கடைசி வடிவம். பேட்டரியில் ஒரு செல் தீப்பற்றினால் அடுத்ததற்குப் பரவாமல் தடுக்க அடுக்கையே மாற்ற வேண்டியிருந்தது. இன்வெர்ட்டரின் டிரான்சிஸ்டர்கள் அதிர்விலும் சூட்டிலும் பழுதாகின. கடைசியில் உந்து மோட்டார்களிலேயே ஓர் ஆபத்தான பழுதுச் சாத்தியம் தெரியவந்தது. 2023 ஜூனில், விமானம் ஒருமுறைகூடப் பறக்காமல், திட்டத்தை முடித்துக்கொள்வதாக நாசா அறிவித்தது. இதைத் தோல்வி என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்டறிந்த பழுதுகளையும் அவற்றின் தீர்வுகளையும் நாசா பொதுவில் வைத்தது. அதற்குப் பின் மோட்டார் செய்தவர்கள் அனைவருக்கும் அது கிடைத்த செல்வம். விமானியின் உயிரைப் பணயம் வைத்து ஒரு புகைப்படத்துக்காகப் பறக்கவிடாமல் நிறுத்தியது பாராட்டத்தக்க முடிவு.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அந்தக் கணக்கு எளியது. வெலிஸ் எலெக்ட்ரோவின் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து ஏறத்தாழ 140 கிலோ. அவற்றில் அடங்குவது 25 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம். ஒரு கிலோ பெட்ரோலில் 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் கால் பங்கை அச்சுக்குத் தருகிறது என்று வைத்தால் 3 யூனிட். ஆக 140 கிலோ பேட்டரி செய்யும் வேலையை ஏழெட்டுக் கிலோ பெட்ரோல், அதாவது பத்து லிட்டர், செய்துவிடும். அந்த விமானம் ஏறத்தாழ 50 நிமிடம் பறந்து, அவசரத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு இறங்குகிறது. மோட்டாரின் எடையை மேலும் பத்துக் கிலோ குறைத்தாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறாது. 2022 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவில் எட்டு நிமிடம் பறந்த ஒன்பது பயணிகளுக்கான ஆலிஸ் விமானத்தில், மேக்னிஎக்ஸ் நிறுவனத்தின் 640 கிலோவாட் மோட்டார்கள் இரண்டும் தம் வேலையைச் செய்தன. விமானத்தின் எடையில் பாதிக்குச் சற்றே குறைவாகப் பேட்டரியே இருந்தது. 2025இல் அந்தத் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. சூரிய ஒளியில் உலகைச் சுற்றிய சோலார் இம்பல்ஸ் 2, 2015 ஜூன் கடைசியில் ஜப்பானிலிருந்து கிளம்பி ஹவாய்க்கு ஐந்து பகல், ஐந்து இரவு ஓயாமல் பறந்தபோது அதன் நான்கு மோட்டார்களும் தாங்கின. சூடேறிக் கெட்டது பேட்டரி. அடுத்த பறப்புக்கு 2016 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது.

அப்படியானால் மோட்டாரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவானேன் என்று கேட்கலாம். மின் மோட்டாரின் பெரிய பலன் பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் அதை வைப்பதில் இல்லை என்பதுதான் என் பதில். பெட்ரோல் எஞ்சினைச் சிறிதாக்கினால் அதன் திறமை சரியும். ஆகவே ஒன்றோ இரண்டோ வைப்பதுதான் லாபம். மின் மோட்டாரைப் பத்தாகப் பிரித்தாலும் திறமை பெரிதாகக் குறையாது. சிறகு முழுக்கச் சிறு மோட்டார்களைப் பரப்பிக் காற்றை அதன் மேல் ஊதலாம். மெதுவாகப் பறந்தும் கீழே விழாமல் இருக்கலாம். குட்டை ஓடுபாதையில் இறங்கலாம். ஒன்று நின்றாலும் ஒன்பது ஓடும். இப்படி யோசித்தால் வேண்டியது ஒரு சாதனை மோட்டார் இல்லை. ஒரே மாதிரியாக, நம்பகமாக, ஆயிரக்கணக்கில் செய்யக்கூடிய மோட்டார்.

ஆயிரக்கணக்கில் என்றால் காந்தம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் கூடவே வரும். நியோடிமியத்தோடு, சூட்டைத் தாங்குவதற்காக டிஸ்ப்ரோசியம் சேர்க்கிறார்கள். இரண்டையும் பிரித்தெடுத்துக் காந்தமாக்கும் தொழிலில் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு அது கட்டுப்பாடு விதித்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டில் நியோடிமியம் உண்டு. டிஸ்ப்ரோசியம் அதில் மிகக் குறைவு. அந்த மணலுக்கு அந்த ஊர் மக்கள் கொடுக்கும் விலை தனிக் கட்டுரைக்கு உரியது.

சான்றிதழ் விதிகளும் இப்போதுதான் வடிவம் பெறுகின்றன. அமெரிக்க விமான எஞ்சின் விதிகள் எரிபொருளை எரிக்கும் எஞ்சின்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆகவே மேக்னிஎக்ஸ் மோட்டார்களுக்காக அந்நாட்டு விமானத் துறை 2021இல் தனி நிபந்தனைகள் வெளியிட்டது. ஐரோப்பாவும் அதே ஆண்டு மின் உந்துகளுக்கெனத் தனி விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. அந்தத் தொகுப்பின்கீழ் முதலில் தேறியது பிரான்ஸின் சஃப்ரான் நிறுவனம் செய்த எஞ்ஜினியஸ் 100. 2025 பிப்ரவரியில் சான்று பெற்றது. 125 கிலோவாட் வரை தரும், காற்றாலேயே குளிர்கிறது, இன்வெர்ட்டர் மோட்டாரின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. சஃப்ரான் கிலோவுக்கு 5 கிலோவாட் என்கிறது. பத்தாண்டுக்கு முன் எஸ்பி260டி எட்டியதும் ஏறத்தாழ அதே எண்தான். எண் மாறவில்லையே என்று பார்ப்பவர்களுக்கு இடைப்பட்ட பத்தாண்டு வீணானதாகத் தோன்றும். அன்று அது ஒரு சாதனை விமானத்தின் மூக்கில் இருந்த பரிசோதனை மோட்டார். இன்று அதே எண், எந்தப் பழுதில் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக நிரூபித்துக் காட்டிய, விலைக்கு வாங்கக்கூடிய பொருளின் எண்.

இதனால் விமானம் கட்டுபவரின் வேலை மாறுகிறது. பெட்ரோல் விமானம் கட்டுபவர் எஞ்சினைத் தானே செய்வதில்லை. சான்று பெற்றதை வாங்கி மாட்டுகிறார். மின் விமானத்தில் இதுவரை பெரும்பாலானோர் மோட்டாரையும் தாங்களே உருவாக்க வேண்டியிருந்தது; அதிலேயே பலருடைய பணமும் காலமும் கரைந்தன. ஆஸ்திரியாவில் பிறந்த டைமண்ட் நிறுவனம் 2023இல் பறக்கவிட்ட மின் பயிற்சி விமானத்தில் சஃப்ரானின் எஞ்ஜினியஸ் மோட்டார்தான் இருக்கிறது. பயிற்சி விமானம் ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் மோட்டார் முழுத் திறனில் சூடாகி, பிறகு ஆறும். கம்பிப்பூச்சு எத்தனை ஆயிரம் முறை இதைத் தாங்குகிறது, பேரிங் எத்தனை மணி நேரத்தில் மாற்றப்பட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஓட்டத்தில்தான் பதிவாகும்.